கிடாயைக் கேட்டார்கள்

பள்ளித் தோழிகளே, இரண்டு நாளாக நம் வாட்ஸப் குழுவில் நடக்கும் சண்டையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒருத்தியின் பேத்தி கறி மட்டுமல்ல, பால், தயிர்கூடத் தொடமாட்டேன் என்கிறாளாம். அதற்குப் பதில் சொல்வதாக இன்னொருத்தி பிரியாணித் தட்டைப் படமெடுத்துப் போட்டாள். மூன்றாமவள் கோபித்துக்கொண்டு குழுவைவிட்டே போய்விட்டாள். முட்டி தேய்ந்து, சர்க்கரை மாத்திரை விழுங்குகிற வயதில் நமக்கு இந்த ரோஷம் தேவைதான்.

"நீதான் கறி தின்னமாட்டியே, நீ சொல்லு" என்று என்னை வேறு நடுவில் இழுத்துவிட்டிருக்கிறீர்கள். நான் ஏன் தின்பதில்லை என்று இத்தனை வருடத்தில் உங்களில் ஒருத்தியும் கேட்டதில்லை. டாக்டர் வேண்டாமென்று சொல்லியிருப்பார் என்று நீங்களாக நினைத்துக்கொண்டீர்கள். டாக்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சொல்கிறேன், கொஞ்சம் தற்பெருமையாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ளும்படி நான் செய்த காரியங்கள் ரொம்பக் குறைவு. அவற்றில் பெரியதை ஒன்பது வயதிலேயே செய்து முடித்துவிட்டேன்.

அப்பாவும் பெரியப்பாவும் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வந்து, மங்கலம் போகிற வழியில் பனியன் கம்பெனி போட்டு அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. கம்பெனி என்றால் இப்போது உங்கள் மருமகன்கள் நடத்துகிற மாதிரி கண்ணாடிக் கட்டடம் இல்லை. தகரக் கூரைக்குக் கீழே ஒரு கட்டிங் டேபிள், எட்டுத் தையல் மிஷின், சரக்கு அடுக்க ஒரு மூலை. பின்பக்கத்து இரண்டு அறையில் நாங்கள் குடியிருந்தோம். நான் மிஷின் சத்தத்தில் தூங்கி மிஷின் சத்தத்தில் விழித்தவள். வீட்டில் எல்லோருடைய புருவத்திலும் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும். சோற்றில்கூட ஒரு நூலாவது கிடக்கும், எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவோம். பனியன் வைக்கிற அட்டைப் பெட்டியின் மூடியில் மீசைக்காரப் பயில்வான் ஒருவன் நெஞ்சை நிமிர்த்தி நிற்பான். அந்த மூடிகளை வெட்டித்தான் நான் பொம்மை வீடு கட்டுவேன். அப்படி ஒரு பெட்டி இப்போது எங்கே தேடினாலும் கிடைப்பதில்லை.

அந்த வருடம் ஆடி மாதம் எனக்கு டைபாய்டு வந்தது. மூன்று வாரம் படுத்தேன். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பக்கத்திலேயே ஓடும் மிஷின் சத்தம் எங்கோ தூரத்தில் ஓடுவது போலக் கேட்டது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. டாக்டர் கைவிரிக்கவில்லை, ஆனால் சிரிக்கவும் இல்லை. அம்மா எங்கள் குலதெய்வம் கோயிலில் இருக்கும் கருப்பணசாமிக்கு ஒரு கிடாய் வெட்டுவதாக வேண்டிக்கொண்டாள். நான் பிழைத்தேன். ஊசியால் பிழைத்தேனா சாமியால் பிழைத்தேனா என்று எங்கள் வீட்டில் யாரும் வாதம் செய்யவில்லை. இரண்டு பேருக்கும் செய்ய வேண்டியதைச் செய்துவிடுவதுதான் எங்கள் வழக்கம்.

ஆவணியில் பெரியப்பா வெள்ளகோவில் பக்கம் போய்க் கிடாய்க்குட்டி ஒன்றைப் பிடித்து வந்தார். கன்னங்கரேலென்று இருந்தது. நெற்றியில் மட்டும் சுண்டைக்காய் அளவுக்கு வெள்ளை.

"இது உனக்குப் பதுலாச் சாமிக்குக் குடுக்கறது கண்ணு. நல்லாப் பாத்துக்கோ" என்றார் பெரியப்பா. "பேரு கீரு வெச்சறாத. சாமி கிடாய்க்குப் பேரு வெக்கக்கூடாது" என்றாள் அம்மா.

உனக்குப் பதிலாக. பெரியவர்கள் இப்படி ஒரு சொல்லைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அது ஒன்பது வயதுக் குழந்தையின் வயிற்றில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. அந்தக் குட்டி கம்பெனி வாசலில் குவிந்து கிடந்த கட்டிங் வேஸ்டை, அதாவது பனியன் துணி வெட்டிய துண்டுகளை, முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு துண்டை வாயில் வைத்துச் சுவைத்துவிட்டுத் துப்பியது. எனக்கு வந்த காய்ச்சலைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னைப் பிறவி மகாத்மா என்று நினைத்துவிடுவீர்கள். எனக்குக் கறி என்றால் உயிர். நல்லி எலும்பை உறிஞ்சுவதில் எங்கள் குடும்பத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அதுவரை எத்தனையோ கிடாய் விருந்துக்குப் போய் மூக்கு முட்டச் சாப்பிட்டவள்தான் நான். அங்கே வெட்டினது ஒன்றும் எனக்காக வெட்டினது இல்லை, அதனால் அந்த ஆடுகளை நான் திரும்பிப் பார்த்ததும் இல்லை.

எங்கள் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் ஒருவர் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த கிறிஸ்தவர். மனைவியும் மூன்று பிள்ளைகளுமாக எங்கள் தெருக் கடைசி லைன் வீட்டில் இருந்தார். ஒருநாள் மதியம் அவர் அம்மாவிடம் கேட்டார்.

"ஏங்க்கா, நீங்க ஆடு வெட்டுததுக்கு முன்னால அது தலையில தண்ணி ஊத்துதியளாமே, அது எதுக்கு?"

"சாமி உத்தரவு கேக்கறதுங்க மாஸ்டர். மஞ்சத்தண்ணிய ஊத்துனா கிடாய் ஒடம்ப உதறித் துலுக்கோணும். துலுக்குச்சுன்னா சாமிக்கும் சம்மதம், கிடாய்க்கும் சம்மதம். அப்பறந்தான் வெட்டுவோம்."

"துலுக்கலன்னா?"

"சாமி ஏத்துக்கலீன்னு அர்த்தமுங்க. வெட்டக்கூடாது. அவுத்து உட்ரோணும்."

"தண்ணிய ஊத்துனா எந்த ஆடுதான் சிலுப்பாம இருக்கும்!" என்று மாஸ்டர் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். வாசற்படியில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்த நிமிடமே செய்யவேண்டிய வேலை தெரிந்துவிட்டது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆரம்பித்தேன். மிஷின் ஆயில் டப்பாவை வெட்டிக் கைப்பிடி வைத்த குவளை ஒன்று தொட்டியடியில் கிடக்கும். அதில் தண்ணீர் மொண்டு குட்டியின் முதுகில் ஊற்றினேன். தலையிலிருந்து வால்வரைக்கும் ஒரு உதறு உதறியது. என் பாவாடையெல்லாம் நனைந்தது. மறுபடி ஊற்றினேன், மறுபடி உதறியது. அதற்குக் கடலைப் புண்ணாக்கு என்றால் பைத்தியம். உதறினால் கையை மூடிக்கொள்வேன். ஒரு நொடியாவது உதறாமல் நின்றால் சிட்டிகை புண்ணாக்கு. ஐப்பசி வரைக்கும் ஒன்றும் தேறவில்லை. இரண்டு தடவை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது, ஒரு தடவை என்னை முட்டித் தொட்டிக்குள் தள்ளியது. ஐப்பசிக் கடைசியில் ஒருநாள் ஒரு முழுக் குவளைக்கும் உதறாமல் நின்றது. காது மட்டும் துடித்தது. அன்று அதற்கு உள்ளங்கை நிறையப் புண்ணாக்கு கொடுத்தேன்.

மார்கழியில்தான் என் மனசு கொஞ்சம் ஆட்டம் கண்டது. குளிரில் தண்ணீரை ஊற்றினால் அதன் தோல் நடுங்கும். மூக்கு ஒழுகத் தொடங்கியது. காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு நானே அதைப் படுத்துகிறேனே என்று அழுகை வரும். இருந்தாலும் விடவில்லை. வெயில் ஏறியபின் ஊற்றுவேன், பிறகு வேஸ்ட் துணியில் பெரிய துண்டாக எடுத்துத் துவட்டிவிடுவேன். தை பிறந்தபோது ஒரு வாளித் தண்ணீரைத் தலையோடு கவிழ்த்தாலும் அது அசையாமல் நின்று என் கையைத்தான் பார்த்தது. கணக்கில் நான் மோசம், கையெழுத்தும் கோணல், ஆனால் இந்த ஒரு பாடத்தை நான் நடத்திய மாதிரி நம் பள்ளிக்கூடத்து டீச்சர் யாரும் நடத்தியிருக்க முடியாது.

பெரியவர்கள் இதை எப்படிப் புரிந்துகொண்டார்கள் தெரியுமா? "சாமி கிடாயத் தெனமும் குளிப்பாட்டறா பாருங்க, எத்தன பக்தி!" என்று அம்மா வருகிற ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லோரிடமும் சொல்லிப் பூரித்தாள். பெரியப்பா என் தலையைத் தடவி, "பொழச்ச உசுருக்கு நன்றி இருக்குதல்லோ" என்றார். மாஸ்டர் மட்டும் ஒருநாள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "என்ன பாப்பா, இந்த ஆடு சிலுப்பவே மாட்டேங்கு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் துணியை விரிக்கப் போய்விட்டார்.

பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை விருந்து. சரக்கு ஏற்றும் வேனில் ஒரு பக்கம் நாங்கள், ஒரு பக்கம் பாத்திரங்கள், நடுவில் மாலை போட்ட கிடாய். அது வழியெல்லாம் மாலையிலிருந்த செவ்வந்தியைத் தின்றுகொண்டே வந்தது. கோயில் ஒரு மேய்ச்சல் காட்டின் ஓரத்தில், வெள்வேல மரங்களுக்கு நடுவே இருந்தது. பங்காளிகள், மாமன் மச்சான்கள், கம்பெனி ஆட்கள் என்று ஏகப்பட்ட கூட்டம். மாஸ்டர் குடும்பத்தோடு பஸ் ஏறி வந்திருந்தார். கல் கூட்டிய அடுப்புகளில் உலை கொதித்தது. சோம்பும் மிளகும் வறுத்து அரைத்த வாசனையில் எனக்கே வாய் ஊறியது, அதை மறைக்கமாட்டேன்.

பூசாரி மெலிந்த மனிதர், அதிகம் பேசாதவர். கிடாயைக் கருப்பணசாமி முன்னால் நிறுத்தி, வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீரைப் பித்தளைச் சொம்பிலிருந்து அதன் தலையில் ஊற்றினார்.

"உத்தரவு குடு சாமி" என்றது கூட்டம்.

கிடாய் நின்றது. இரண்டாவது சொம்பு ஊற்றினார், முதுகு நெடுக வழிந்தது. கிடாய் நின்றது. மூன்றாவது சொம்புக்கு அது தலையைத் திருப்பிக் கூட்டத்தில் என்னைத் தேடியது. கண்டுபிடித்து என் கையையே பார்த்தது. புண்ணாக்கு எங்கே என்கிறது! எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

நான் எண்ணிப் பார்க்காத ஒன்று அப்போதுதான் நடந்தது. அம்மா தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

"நாங்க என்ன குத்தம் பண்ணுனோம் சாமி? ஏன் வாங்கமாட்டீங்கறே? எம் புள்ளையத் திருப்பிக் கேக்கறயா?"

ஐந்து மாதமாக நான் கிடாயைப் பற்றி மட்டுமே யோசித்திருக்கிறேன். அது துலுக்காவிட்டால் அம்மா எதற்குப் பயப்படுவாள் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. நாலாவது, ஐந்தாவது சொம்பு ஊற்றியாயிற்று. கூட்டத்தில் குசுகுசுப்பு எழுந்தது. அப்பாவின் முகம் சுண்டிப்போயிருந்தது. அப்போது பெரியப்பா முன்னால் வந்து, மாலையைச் சரி செய்கிறவர் போலக் குனிந்து கிடாயின் கொம்பைப் பிடித்தார். நின்றிருந்தவர்களுக்கு அவர் முதுகுதான் தெரிந்திருக்கும். என் உயரத்துக்கு அவர் வாய் தெரிந்தது. கிடாயின் காதுக்குள் புஸ்ஸென்று ஊதினார்.

காதில் ஊதுவதற்கு நான் அதைப் பழக்கியிருக்கவில்லை. அது உடம்பு முழுவதையும் உதறியது. மஞ்சள் தண்ணீர் எல்லோர் மேலும் தெறித்தது. பெண்கள் குலவை போட்டார்கள். அரிவாள்காரர் எழுந்தார்.

"பெரியப்பா காதுல ஊதுனாங்க!" என்று கத்தினேன். குலவை நின்றது. நான் மறுபடியும் கத்தினேன். "நான் பாத்தனுங்க. அதுவாத் துலுக்கல. காதுல ஊதுனாங்க!"

"சின்னப் புள்ள, என்னத்தையோ பாத்துட்டு ஒளறுது" என்றார் பெரியப்பா.

அப்பா அண்ணன் பேச்சைத் தட்டாதவர். அன்று அவர் அண்ணன் முகத்தை நேராகப் பார்த்தார். "ஊதுனீங்களாண்ணா?"

பெரியப்பாவுக்கு நேருக்கு நேர் கேட்டால் பொய் பேச வராது, அதையும் சொல்லிவிட வேண்டும். "ஊதுனா என்ன இப்ப? ஒறம்பரையெல்லாம் பசியோட நிக்கறாங்க. தம்பி பொண்டாட்டி அழுகுது. நாலு பக்கமும் எல்லாரும் பண்றதுதான்" என்றார்.

பூசாரி சொம்பைக் கீழே வைத்தார். "அப்படீன்னா அது உத்தரவு இல்லீங்க. சாமி சம்மதம் சொல்லல, வெட்டக்கூடாதுங்க" என்றார்.

தோழிகளே, நான் அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். கிடாய் தப்பித்தாயிற்று. அதைத்தானே ஐந்து மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்? ஆனால் அம்மாவின் அழுகை இன்னும் பெரிதாகிவிட்டது. சாமிக்கு நம்மேல் கோபம், பிள்ளை போய்விடும் என்று தலையில் அடித்துக்கொண்டாள். இந்தப் பயத்தோடேயே அவள் இனி தினமும் எழுந்திருப்பாள், தினமும் எனக்குச் சோறு போடுவாள் என்று எனக்குப் புரிந்தது. அவளிடம் போய், எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னேன்.

"சாமிக்குக் கோவமில்லம்மா. நாந்தான் பழக்குனேன். தெனமும் தண்ணி ஊத்தி, துலுக்காம நின்னாப் புண்ணாக்குக் குடுத்தேன். அதனாலதான் நிக்குது. சாமி ஒண்ணுமே சொல்லலம்மா."

சொல்லும்போதே தெரியும், இதனால் கிடாயை மறுபடியும் அரிவாளுக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்துகிறேன் என்று. என் வாழ்நாளில் நான் பேசிய கஷ்டமான பேச்சு அதுதான். அறுபது வயசுக்குமேல் ஆன இன்றும் அதை நினைத்தால் எனக்கு என்மேல் ஒரு மரியாதை வருகிறது.

கூட்டத்தில் ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் திட்டு. கட்டிங் மாஸ்டர், "அதான பாத்தேன்!" என்று தொடையில் அடித்துக்கொண்டார். பெரியப்பா, "நான் ஊதுனது தப்புன்னா இது பண்ணுனது என்னங்கோ? இதுக்கு என்ன பேரு?" என்று பூசாரியைக் கேட்டார். கேள்வி நியாயம்தான். பூசாரி தலையைச் சொறிந்துகொண்டு, "ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சரியாப்போச்சுங்க. எனக்கு இதுல ஒண்ணும் தெரியலீங்க" என்றார்.

அப்பா என் முன்னால் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அடிப்பார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏன் கண்ணு, இத்தன நாளா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"நீங்க கேக்கலீங்களேப்பா" என்றேன். "கிடாயக் கேக்கறீங்க. என்னையக் கேக்கவே இல்லீங்களே. எனக்காகத்தான வெட்டறீங்க?"

இது நான் யோசித்துச் சொன்னதில்லை. பெரிய தத்துவம் பேசுகிறோம் என்ற நினைப்பும் கிடையாது. கேட்கவில்லை என்ற கோபம்தான் அப்படி வந்து விழுந்தது. அப்பா, பெரிய மனுஷரிடம் கேட்கிற மாதிரி, அத்தனை பேர் முன்னாலும் என்னைக் கேட்டார்.

"செரி. உனக்காக நேந்தது. நீ சொல்லு சாமி. வெட்டலாமா, வேண்டாமா?"

"வேண்டாங்ப்பா."

அப்பா எழுந்து கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "இன்னிக்குச் சைவச் சோறுதானுங்க. எல்லாரும் மன்னிச்சு, இருந்து சாப்பிட்டுட்டுப் போகோணும்" என்றார். எட்டு மிஷினை வைத்துக்கொண்டு உறவுக்கு முன்னால் முதல்முதலாகப் பெரிய விருந்து வைத்தவர் அவர். அந்தக் கும்பிடு அவருக்கு எத்தனை பாரமாக இருந்திருக்கும் என்று நானே கம்பெனி நடத்தின பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

கறிக்கு அரைத்த மசாலா மொத்தமும் கத்திரிக்காயிலும் உருளைக்கிழங்கிலும் போயிற்று. கறி இல்லாத கறிக்குழம்பு. பெரியப்பா ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டார். கிடாய் எங்களோடு வேனில் வீட்டுக்கே திரும்பி வந்தது. பல வருடம் எங்கள் உறவில் "கத்திரிக்காய்க் கிடாய்" என்றால் எங்கள் வீட்டு விருந்து என்று அர்த்தம். கேலி செய்தவர்கள் எல்லோரும் அன்று இரண்டு தடவை குழம்பு கேட்டு வாங்கினவர்கள்தான்.

ஒருவரை மட்டும் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மாஸ்டரின் பிள்ளைகள் கறி தின்று பல மாதம் ஆகியிருந்தது. "ரெண்டு நாளா கெடாக்கறி கெடாக்கறின்னு தூங்காம கெடந்துச்சுவ பாப்பா" என்று அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கடைசிப் பெண் இலையில் கத்திரிக்காயை ஒதுக்கி வைத்துவிட்டு வெறும் சோற்றைத் தின்றது. அப்பாவும் அதைப் பார்த்திருக்கிறார். அடுத்த ஞாயிறு கடையில் கறி வாங்கி அவர்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார், எங்கள் வீட்டுக்கும் கொஞ்சம் வந்தது. நான் சாப்பிட்டேன். நல்லி எலும்பும் உறிஞ்சினேன். அந்தக் கறி எந்த ஆட்டுடையது, அதை யார் கேட்டார்கள் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

ஆமாம், சிரியுங்கள். நான் கறியை நிறுத்தினது ரொம்பப் பின்னால்தான். அதுவரை எனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தேன். எனக்காக வெட்டியதைச் சாப்பிடமாட்டேன். விருந்துக்குக் கூப்பிட்டால் முதலிலேயே சொல்லிவிடுவேன், என் பேரைச் சொல்லி ஒரு கோழிகூட அறுக்கக்கூடாது என்று. சம்பந்தி வீட்டில்கூட இதனால் மனஸ்தாபம் வந்தது. பிறகு ஒருநாள் என் மகள், "கடைல தொங்கறது ஆருக்காக வெட்டுனதும்மா? வாங்கறவங்களுக்காகத்தான?" என்று கேட்டுவிட்டாள். பதில் யோசித்தேன், கிடைக்கவில்லை. கிடைக்கிறவரைக்கும் தின்ன வேண்டாம் என்று நிறுத்தினேன், இன்னும் கிடைக்கவில்லை. அதனால் பிரியாணி போட்டவளை நான் திட்டமாட்டேன். மாஸ்டர் பிள்ளையின் இலை எனக்கு மறக்கவில்லை. ஆனால் பால் வேண்டாமென்கிற அந்தப் பேத்தியைக் கேலி செய்தால் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். அவள் யாரையோ கேட்டிருக்கிறாள், நாம் கேட்கவில்லை.

சரி, கதை இன்னும் முடியவில்லை. விருந்தன்று நான் சொன்ன "வேண்டாம்" பெரிய விஷயமே இல்லை. நான் அன்று திடமாக இருந்தேன். சொல்ல எனக்கென்ன செலவு?

மாசிக் கடைசியில் எனக்கு மறுபடியும் காய்ச்சல் வந்தது. நல்ல காய்ச்சல், உடம்பு தூக்கிப்போட்டது. அப்பா நூல் வாங்க வெளியூர் போயிருந்தார். டாக்டர் வந்து பார்த்து, இரண்டு நாள் போகட்டும், இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்றார். இரண்டாம் நாள் காலையில் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது.

"கண்ணு, நான் ஆரு மேலயும் கோவிச்சுக்கலை. இப்பவாவது செரின்னு ஒரு வார்த்த சொல்லு. நீ சொன்னாப் போதும்."

மிஷின் சத்தம் தூரத்தில் கேட்க ஆரம்பித்திருந்தது. எனக்கு அது எந்தச் சத்தம் என்று தெரியும். செத்துப்போகப் பயமாக இருந்தது. சரி என்று சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரைக்கும் வந்தது. சொன்னால் அம்மா அழுகையை நிறுத்துவாள். ஜன்னலுக்கு வெளியே கிடாய் எதையோ மென்றுகொண்டிருந்தது கேட்டது.

"வேண்டாம்மா" என்றேன்.

"நீ போயிட்டீன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"தெரியலம்மா. ஆனா வேண்டாம்."

அம்மா எழுந்து வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் பெரியப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. விருந்துக்குப் பிறகு அவர் முன்பக்கத்துக் கம்பெனியோடு திரும்பிவிடுவார், எங்கள் வீட்டுப் பக்கம் வந்தது அன்றுதான். ஜன்னலுக்குக் கீழேதான் பேசினார்கள்.

"பாத்தியா அம்மிணி, சாமி உட்ருமா? கயிறு கொண்டாந்திருக்கறேன். அவுத்துக் குடு. நானே கோயலுக்குக் கொண்டுபோயி முடிச்சுட்டு வந்தர்றேன். புள்ளைக்குத் தெரிய வேண்டாம்."

பெரியப்பாவுக்கு என்மேல் உயிர். அந்தக் குரல் நடுங்கியதை நான் கேட்டேன். அம்மாவோ அவருக்கு எதிரில் நிமிர்ந்து நின்றுகூடப் பேசாதவள். கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றுதான் பதில் சொல்லுவாள். அவள் இப்போது கயிற்றை அவிழ்த்துக் கொடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். எழுந்து போகவும் எனக்குத் தெம்பில்லை.

"கேட்டுட்டனுங்க மாமா" என்றாள் அம்மா.

"ஆரக் கேட்டே?"

"எம்பட பொண்ணக் கேட்டேன். காய்ச்சலோடதானுங்க கேட்டேன். வேண்டாங்குது."

"அது சின்னப் புள்ள, அதுக்கு என்ன தெரியும்? நாளைக்கு ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா?"

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. அந்த இடைவெளியில் அவள் என்ன நினைத்தாள் என்று நான் பிள்ளை பெற்ற பிறகு பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நானாக இருந்தால் கயிற்றைக் கொடுத்திருப்பேன்.

"ஆனாலும் நான் கேட்டதுக்கு அது சொன்ன பதுலு அதுதானுங்க மாமா. ரெண்டு தடவ கேட்டாச்சு. மூணாந்தடவ நான் கேக்கமாட்டேன். கயித்த எடுத்துட்டுப் போங்."

செருப்புச் சத்தம் தெருப்பக்கம் போனது. அம்மா உள்ளே வந்து ஈரத்துணியை என் நெற்றியில் போட்டாள்.

காய்ச்சல் நான்காம் நாள் காலையில் இறங்கியது. தோழிகளே, அம்மா கயிற்றை எடுத்துப் போகச் சொன்னது இரண்டாம் நாள்.